இறுக்கம் என்பது யாது?

மொழிபெயர்ப்புத் தொழிலில் ஈடுபட்டவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சொல் கையில் அகப்பட்டால், அது குறிக்கும் பொருள் ஒன்றா இரண்டா என்று பிரித்துப் பார்க்காமல் அவர்களால் மேலே செல்ல இயலாது. ‘இறுக்கம்’ என்னும் எளிய சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒரு திருகாணியை இறுக்கும்போது நம் கை செலுத்தும் விசை ஒன்று. அதன் பயனாக ஆணிக்குள் பிறக்கும் விசை மற்றொன்று. முன்னதை முறுக்கு விசை என்றும் பின்னதை இழுவிசை என்றும் கூறலாம். முன்னதைப் பட்டறைகளில் ‘டார்க்’ என்பார்கள். பின்னதற்கு அங்கே தனிப் பெயர் வழங்கக் காணோம். பெயர் இல்லாத பொருள் எளிதில் மறக்கப்படுகிறது; இந்த ஒன்று மறக்கப்பட்டால் விலை உயர்ந்த எஞ்சின் பாழாகிவிடும். இதனை டர்போ பொருத்திய கார் எஞ்சின் ஒன்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

எஞ்சினின் அடிப்பகுதியைப் ‘பிளாக்’ என்றும், அதனை மூடி நிற்கும் மேற்பகுதியை ‘ஹெட்’ என்றும் அழைக்கிறோம். இரண்டுக்கும் இடையே ‘கேஸ்கெட்’ என்னும் மெல்லிய தகடு இருக்கிறது. எரியும் வாயு வெளியேறாமலும், குளிர்விக்கும் நீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலவாமலும் காப்பது அதன் வேலை. ஹெட்டைப் பிளாக்கின் மீது அழுத்திப் பிடித்திருப்பவை சில எஃகு ஆணிகளே.

கழிவு வாயுவின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிப்பதே டர்போவின் தத்துவம். சுவிட்ஸர்லாந்து தேசத்துப் பொறியியலறிஞர் ஆல்பிரட் பியூக்கி 1905-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும். சிலிண்டருக்குள் அழுத்தம் உயரும். அவ்வழுத்தம் ஹெட்டை மேல்நோக்கித் தள்ளும்.

ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் 1992 முதல் 2007 வரை லான்சர் எவல்யூஷன் கார்களில் பொருத்திய 4ஜி63 என்னும் எஞ்சினைக் கருதுவோம். பின்லாந்து வீரர் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலக ராலிப் பட்டம் வென்றது இவ்வரிசைக் கார்களில்தான். லான்சர் என்னும் பெயர் நமக்கும் புதிதன்று. டர்போ இல்லாத லான்சர் 1998 முதல் சில ஆண்டுகள் திருவள்ளூரில் தயாரிக்கப்பட்டது. எவல்யூஷனின் எஞ்சின் 1,997 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. ஒவ்வொரு சிலிண்டரும் 85 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோகிராம் அழுத்தம் எழுவதாகக் கொண்டால், ஒரு சிலிண்டர் ஹெட்டைத் தள்ளும் விசை ஏறத்தாழ 5,670 கிலோகிராம் ஆகும். நிமிஷத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் இத்தகைய தாக்குதல் விநாடிக்கு 50 முறை நிகழ்கிறது.

இதைத் தாங்குவது எங்ஙனம்? ஆணி என்பது உண்மையில் மிகக் கடினமான ஒரு வில்கம்பியே. இறுக்கும்போது அது இம்மியளவு நீள்கிறது. நீண்டது சுருங்க முயல்கிறது. அம்முயற்சியே ஹெட்டை அழுத்திப் பிடிக்கிறது. நீட்சிக்கு ஏற்ப விசை வளரும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். ஆணிகளின் பிடிவிசை வாயுவின் தள்ளுவிசையைவிட மிகுந்திருக்கும் வரையில் இணைப்பு அசையாது. அது குறைந்துவிட்டால் ஹெட் மயிரிழை அளவு எழும்பும். அவ்வழியே புகுந்த நெருப்பு கேஸ்கெட்டை அரித்துவிடும்.

ஆற்றலைப் பெருக்க விரும்புவோர் டர்போவின் அழுத்தத்தை உயர்த்துகின்றனர். அப்போது தொழிற்சாலையில் இட்ட போல்ட்டுகளை அகற்றி, குரோமியமும் மாலிப்டினமும் கலந்த வலிய எஃகினாலான ஸ்டட்டுகளைப் பொருத்துவது வழக்கம். ஸ்டட் என்பது தலையில்லாமல் இரு முனைகளிலும் மரை வெட்டிய தண்டு. போல்ட்டை இறுக்கும்போது அது ஒரே சமயத்தில் முறுக்கவும் படுகிறது, இழுக்கவும் படுகிறது. பிளாக்கிலுள்ள மரையும் தேய்கிறது. ஸ்டட்டோ பிளாக்கில் அசையாது நிற்க, மேலே நட்டு மட்டுமே சுழல்கிறது. ஆகவே முறுக்கல் குறைந்து, இழுவிசை சீராகப் பிறக்கிறது.

ஆனால், வலிய ஸ்டட்டை வாங்கி மாட்டியதனாலேயே பிடி வலுத்துவிடாது. நாம் வேண்டுவது இழுவிசை; நம் கையிலுள்ள டார்க் ரெஞ்ச் காட்டுவதோ முறுக்கு விசை. கை செலுத்தும் முயற்சியை 100 பங்காகக் கொண்டால், சுமார் 50 பங்கு நட்டின் அடிப்பரப்பில் உராய்வாலும், சுமார் 40 பங்கு மரையில் உராய்வாலும் கழிந்துபோகின்றன. எஞ்சிய 10 பங்குதான் ஆணியை நீட்டுகிறது. மரையில் துரு இருந்து உராய்வு 95 பங்காக உயர்ந்தால், நீட்டும் பங்கு ஐந்தாகி இழுவிசை பாதியாகும். வழுவழுப்பு மிகுந்து உராய்வு 80 பங்காகக் குறைந்தாலோ இழுவிசை இரட்டிக்கும். தண்டு தன் மீட்சி எல்லையைக் கடந்து நிரந்தரமாக நீண்டுவிடவும் கூடும். இரு நிலையிலும் ரெஞ்ச் காட்டும் எண் ஒன்றே என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இதனை அறிந்தே தொழிற்சாலையார் தம் போல்ட்டுகளுக்கு வேறொரு முறையை விதித்தனர். முதலில் 78 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். பின்னர் முற்றிலும் தளர்த்த வேண்டும். மறுபடி 20 நியூட்டன் மீட்டர் இறுக்கி, அதன்மேல் 90 டிகிரியும், மீண்டும் 90 டிகிரியும் திருப்ப வேண்டும். ஒரு சுற்றுக்கு மரை எவ்வளவு இறங்கும் என்பது மாறாத அளவாதலால், கோணத்தை அளப்பது ஏறக்குறைய நீட்சியையே அளப்பதாகும். இக்கணக்கு அந்தப் போல்ட்டுக்கு மட்டுமே உரியது. அதை ஸ்டட்டுக்குப் பயன்படுத்தலாகாது.

ஸ்டட் பொருத்தும் வேலை தூய்மையில் தொடங்குகிறது. பிளாக்கின் துளைகளில் பழைய எண்ணெயும் தூசும் இல்லாதவாறு துடைத்து, காற்றடித்து உலர்த்த வேண்டும். அடி மூடிய துளையில் திரவம் தேங்கியிருந்தால், இறங்கும் தண்டு அதை நசுக்கிப் பிளாக்கையே விரிசல் விடச் செய்யும். மரையைச் சுத்தம் செய்யும் கருவி அழுக்கை அகற்ற வேண்டுமேயன்றி உலோகத்தைச் சீவிவிடக் கூடாது. ஹெட், பிளாக் ஆகியவற்றின் பரப்புகள் சமமாக உள்ளனவா என்று நேர்விளிம்புச் சட்டம் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்டட்டைக் கையால் திருகி இறங்கும் அளவுக்கு இறக்கினால் போதும். அங்கே பலம் காட்ட வேண்டியதில்லை. கேஸ்கெட்டையும் ஹெட்டையும் வைத்த பின், நட்டின் மரையிலும், நட்டு உராயும் வாஷரின் மேற்பரப்பிலும் ஸ்டட்டுடன் வந்த மசகையே தடவ வேண்டும். நடுவிலுள்ளவற்றில் தொடங்கி இருபுறமும் வெளிநோக்கிச் சென்று, பத்து நட்டுகளையும் மூன்று சம படிகளில் இறுக்க வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் ஹெட் வளைந்து அமரும். ரெஞ்சை வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். புதிய மரைகள் முதல் முறை சற்றுக் கரடுமுரடாக உராய்வதால், சில முறை இறுக்கித் தளர்த்திய பின்னர் இறுதி இறுக்கம் தருவது நலம். அலுமினியம் எஃகைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடைவதால், எஞ்சின் சூடானதும் அலுமினிய ஹெட் ஸ்டட்டை மேலும் இழுக்கும். அதற்கும் இடம் வைத்தே தயாரிப்பாளர் இறுக்க அளவை வகுத்திருக்கிறார். நம் விருப்பப்படி அதை ஏற்றலாகாது. அளவு மீறிய பிடி சிலிண்டரின் வட்ட வடிவையே கோணலாக்கும்.

இவ்விதிகள் யாவும் ஸ்டட் பெட்டியில் ஆங்கிலத்தில் அச்சிட்ட சிறு தாளாக வருகின்றன. அத்தாளில் உள்ள எண்ணை யாரும் படித்துவிடலாம். எண்ணுக்கு மொழி தடையன்று. எந்த மசகு, எந்தப் பரப்பு, எத்தனை படி என்று கூறும் சொற்களே அந்த எண்ணுக்குப் பொருள் தருபவை. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு சொற்களை விட்டுவிடும் தொழிலாளி கவனமற்றவர் அல்லர். அவருக்குப் பாதிச் செய்தியே சென்று சேர்ந்திருக்கிறது. மீதிப் பாதியைத் தெளிவான தமிழில் அவர் கையில் சேர்ப்பது மொழியறிந்தோர் கடமை. அவ்வாறு எழுதும்போது முறுக்கு விசைக்கும் இழுவிசைக்கும் ‘இறுக்கம்’ என்ற ஒரே சொல்லைப் பெய்து மயக்கம் உண்டாக்காதிருப்போமாக. கை கொடுப்பது ஒன்று, ஆணி பெறுவது மற்றொன்று என்பதை அறிந்த தொழிலாளி, எண்ணை எட்டுவதோடு நில்லாமல், அதற்கு முன்னே துளையைத் துடைக்கவும் தவறமாட்டார்.