நோய் வந்தபின் மருத்துவக் காப்பீடு

 

வளைகுடாவில் உழைத்து ஐம்பது வயதில் ஊர் திரும்புகிறவர், அங்கே நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீட்டை இழந்துவிடுகிறார். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் மட்டும் உடன் வருகின்றன. புதிய பாலிசிப் படிவத்தில் அவற்றை மறைக்குமாறு முகவர்களே சிலர் கூறுவதுண்டு. கேட்காதீர்கள்! பிரீமியம் வாங்கும்போது எவரும் அதிகம் துருவுவதில்லை. நாம் பணம் கேட்கும்போதுதான் பழைய மருந்துச் சீட்டுகள் பேசும். கோரிக்கை மறுக்கப்படுவதோடு பாலிசியும் ரத்தாகலாம்.

உள்ளதைச் சொன்னால் காத்திருப்புக் காலம் உண்டு. 48 மாதங்கள் வரை இருந்த அதனை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரல் முதல் 36 மாதங்களுக்கு மிகாமல் குறைத்தது. முறைப்படி வேறு நிறுவனத்திற்கு மாறினால் கழிந்த மாதங்கள் வீணாவதில்லை.

2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலோ இக்காத்திருப்பே இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குட்பட்ட குடும்பத்திற்கு 5 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றுடன் மயிலாடுதுறை ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தை அணுகுங்கள். ஆனால் பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில், பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கு மட்டுமே இது செல்லும். மாதாந்திர மாத்திரைகளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அவற்றை வீட்டிற்கே கொண்டுவந்து தருகிறது.