சேவல் எத்தனைக்குப் போச்சு?



நெய்வேலியிலிருந்து கிளம்பும்போது வீட்டில் கேட்டார்கள், "இன்னைக்கு என்ன தலைப்பு?" என்று. "திருச்சபையில் நன்மையும் தீமையும்" என்றேன். "அதுல பேச என்ன இருக்கு? நல்லதைச் செய்யணும், கெட்டதை விடணும். ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுக்கு வந்துடுங்க" என்றார்கள். பண்ருட்டி வரும்வரை ஜன்னலோரம் அதையே அசைபோட்டுக்கொண்டு வந்தேன். ரெண்டு நிமிஷச் சமாசாரமாக இருந்தால், முந்நூறு வருஷமாக நாம் ஏன் அதே வாசற்படியில் தடுக்கி விழுகிறோம்?

தீமை கொம்பும் வாலுமாக வந்தால் ஒரு சின்னப் பிள்ளைகூட ஏமாறாது. சபைக்குள் அது வருகிற தோரணை வேறு. ஜெபத்தில் ஆரம்பிக்கும். "சமாதானமா போயிடலாமே" என்று தோளில் கை போடும். "இப்ப வேண்டாம், காலம் கனியட்டும்" என்று பெரிய மனுஷத்தனமாகப் பேசும். அதைச் செய்கிறவர்களும் அநேகமாக நல்லவர்கள்தான். எனக்குப் பயமே அந்த நல்லவர்களைப் பார்த்துத்தான்.

தரங்கம்பாடிக்குப் போவோம். 1733, டிசம்பர் 28. புராட்டஸ்டண்ட் சபையில் முதல் தமிழ்ப் போதகராக ஆரோன் அபிஷேகம் பெற்ற நாள். நாம் பெருமையாகக் கொண்டாடுகிற நாள்; கொண்டாடத்தான் வேண்டும், ஆரோன் அருமையான ஊழியர். ஆனால் அப்போது அந்தச் சபையில் இன்னொருவர் இருந்தார். ராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர். தமிழில் அச்சான சுவிசேஷத்தைத் தானாகவே படித்து, தேடிக்கொண்டு வந்தவர். தஞ்சைச் சீமையில் உபதேசியாராக அவர் பட்ட அடியும் செய்த வேலையும் மிஷனரிகளுக்கு நன்றாகத் தெரியும். அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. 1741-இல் இரண்டாவது தமிழ்ப் போதகராக தியோகு வந்தார். அப்போதும் ராஜநாயக்கனுக்கு இல்லை. கடைசிவரை இல்லை. காரணத்தை மிஷனரிகளே மறைக்காமல் எழுதி வைத்தார்கள். அவர் பறையர், அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள். இவ்வளவுதான் விஷயம்.

அந்த மிஷனரிகளில் யாராவது கெட்டவரா? ஒருவரும் இல்லை. ராஜநாயக்கனை மிகவும் மதிப்பதாகவும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். மதிப்பு இருந்தது, நாற்காலி இல்லை. இந்த மதிப்பு நம் சபைகளில் இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கிறது.

நூறு வருஷம் கழித்துத் தஞ்சாவூரில், புதிதாக வந்த மிஷனரிகள் 'கோயிலுக்குள் சாதி பார்த்து உட்காரக்கூடாது' என்றபோது, எதிர்த்து எழுதியவர் யார்? நாம் கண்ணீரோடு பாடுகிற கீர்த்தனைகளைத் தந்த வேதநாயக சாஸ்திரியார். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 'சாதியை விட்டாக வேண்டும்' என்று உத்தரவே போட்டார். கோபித்துக்கொண்டு வெளியேறியவர்களில் பலர் பிற்பாடு லைப்சிக் மிஷனின் லுத்தரன் சபைகளில் வந்து சேர்ந்தார்கள். ஒரு கடையில் கடன் தரவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போகிறோமே, அப்படி.

இந்த இடத்தில்தான் நம்ம பட்டாம்பாக்கம் கதைக்குள் வருகிறது. ரெண்டு ஜெர்மானியர்கள். ரெண்டு பேருக்கும் பெயர் கார்ல். ஒருவர் கார்ல் கிரௌல், லைப்சிக் மிஷனின் இயக்குநர். 1849-லிருந்து சில வருஷம் நம் நாட்டுக்கு வந்து தங்கித் தமிழ் படித்தவர். திருக்குறளை 1856-இல் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனவர். தமிழர்கள் கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனிதர். அவர் சொன்னார்: சாதி ஒரு சமூக வழக்கம்; உத்தரவு போட்டு அதை ஒழிக்க முடியாது; சுவிசேஷம் உள்ளே போனால் மாவுக்குள் புளிப்பு ஏறுவதுபோல மெல்ல மெல்ல மாறும். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? குறளில் 'பெருமை' அதிகாரத்தில் வள்ளுவர் பிறப்பைப் பற்றி என்ன சொன்னார் என்பதை இந்த அவைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதை மொழிபெயர்த்த கிரௌல்தான் இப்படிப் பேசினார். ஒரு புத்தகத்தை மொழிபெயர்ப்பது வேறு, அதில் மாட்டிக்கொள்வது வேறு.

இன்னொருவர் கார்ல் ஓக்ஸ். அதே மிஷனில் ஊழியம் செய்தவர். 1850-இல் சென்னையில் கூடிய மற்ற மிஷனரிகள் ஒரு சோதனை வைத்தார்கள். பெரிய தத்துவம் எதுவும் இல்லை, சாப்பாடு. யார் சமைத்தாலும் எல்லோரோடும் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுவீர்களா? லைப்சிக் மிஷன் இதற்கு உடன்படவில்லை. ஓக்ஸ் விடவில்லை. மேய்ப்பன் ஆகிறவனாவது முதலில் சாதியை விட்டுவிட்டு வரட்டும் என்று நின்றார். கடிதங்கள் போயின, வந்தன, சண்டை முற்றியது. 1850களின் முடிவில் ஓக்ஸ் மிஷனுக்கு வெளியே நின்றார். சம்பளம் இல்லை, சங்கம் இல்லை. அப்படி வந்து சேர்ந்த இடம்தான் கெடிலக்கரைச் சீமையில் இருக்கிற இந்தப் பட்டாம்பாக்கம். இங்கே அவர் போட்ட குடியிருப்புக்குப் பெத்தானியா என்று பெயர் வைத்தார். 1863-இல் டேனிஷ் மிஷன் சங்கம் அவரோடு கைகோத்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு விதை விழுந்தது அங்கேதான்.

கடலூர் ரோட்டில் நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் பஸ் கொஞ்சம் வேகம் குறைக்கிற ஊர் என்றுதான் நம்மைப் பலருக்குத் தெரியும். 'பந்தியில் யாரோடு உட்காருவாய்?' என்ற ஒரு கேள்வியால் உண்டான சபை இது.

இது ஓக்ஸ் கண்டுபிடித்த கேள்வியும் இல்லை. அந்தியோகியாவில் நடந்ததுதானே? பேதுரு புறஜாதிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து நாலு பெரிய மனிதர்கள் வந்ததும் இலையை விட்டு மெல்ல எழுந்து நகர்ந்தார். அவரைப் பார்த்து பர்னபாவும் நகர்ந்தார். பவுல் தனியறைக்குக் கூட்டிப்போய்க் காதில் சொல்லவில்லை, எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டார். பேதுரு யார்? முதல் தலைவர். தலைவர் எழுந்தால் பந்தியே எழுந்துவிடும்.

ஓக்ஸைத் தெய்வமாக்கிவிட்டு நான் போய்விடலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மனசாட்சிக்காக வெளியேறிய ஒருவருக்கு இடம் கொடுத்த அதே டேனிஷ் மிஷன், அரை நூற்றாண்டு கழித்து என்ன செய்தது? எஸ்தர் ஃபேரிங் என்று ஒரு இளம்பெண், அந்த மிஷனின் ஊழியர். 1917-இல் அதே மிஷனைச் சேர்ந்த ஆன் மேரி பீட்டர்சனோடு ஆசிரமம் போய்க் காந்தியைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் கடிதம் எழுதத் தொடங்கினார். வெள்ளைக்கார அரசாங்கம் முறைத்தது. மிஷன் பயந்தது. 'எதுக்கும்மா வம்பு' என்கிற நம்ம ஊர் வார்த்தை டேனிஷ் மொழியிலும் இருக்கும்போல. எஸ்தர் மிஷனை விட்டே போனார். பீட்டர்சனும் வெளியேறி, பரங்கிப்பேட்டையில் பெண் பிள்ளைகளுக்காகச் சேவாமந்திர் பள்ளியைத் தொடங்கினார். 1921-இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. வெளியேறியவனால் பிறந்த சபைக்கும் ஒரு அலுவலகம், ஒரு சொத்து, ஒரு மேலிடம் என்று வந்துவிட்டால், அதிலிருந்தும் ஆட்கள் வெளியேறத்தான் வேண்டியிருக்கிறது.

கத்தோலிக்கச் சகோதரர்களும் இங்கே இருக்கிறீர்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கத்து எறையூரை நான் சொல்லாமல் போனால் நீங்களே என்னை மன்னிக்க மாட்டீர்கள். ஒரே மாதா கோயிலில் கும்பிட்ட தலித் மக்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9-ஆம் தேதி அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு உயிர் போனது. அவ்வளவு தூரம் எதற்கு? நம்ம சபைகளில் பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ஞானஸ்நானச் சர்டிபிகேட்டையா? சிரிக்கிறீர்கள். எனக்கும் சிரிப்பு வருகிறது, நானும் அப்படித்தான் விசாரித்தேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் கிரௌலைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஊர் பெயர் வேண்டாம், சபை பெயரும் வேண்டாம். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பாஸ்டரேட் கமிட்டியில் நான் பொருளாளர். அறுப்பின் பண்டிகை. வாழைத்தார், பலாப்பழம், மரக்கால் மரக்காலாக மல்லாட்டை, பரங்கிக்காய், எல்லாம் ஏலத்துக்கு வந்தன. கோயிலைப் பெருக்குகிற ஒரு பாட்டி, காலில் கயிறு கட்டி ஒரு சேவலைக் கொண்டுவந்து பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கறுப்புச் சேவல், நல்ல கொண்டை. ரெண்டு சம்பந்திகள் வீம்புக்கு மாறி மாறிக் கேட்டு, அது 340 ரூபாய்க்குப் போனது.

ராத்திரி வெஸ்ட்ரி அறையில் கணக்கு. மேசையில் சில்லறையை அடுக்கி வைத்திருக்கிறோம். ஏலத்தில் கூவிய தொகைக்கும் கையில் இருந்த பணத்துக்கும் ஆறாயிரத்துச் சொச்சம் இடித்தது. ஒரு பெரியவர், "அது என்கிட்டதான் இருக்கு, கட்டட வேலைக்கு முன்பணம் கொடுத்திருக்கேன்" என்றார். ரசீது இல்லை. யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். பிறகு ஒருவர் மெதுவாக, "பண்டிகை அதுவுமா பிரச்சினை வேண்டாம், சபை பேர் கெட்டுடும். இருக்கிற பணத்துக்குச் சரியா எழுதிடுங்க சார்" என்றார். இருக்கிற பணத்துக்குச் சரியாக எழுத வேண்டுமானால் சில உருப்படிகளை விட வேண்டும். விட்டேன். விட்டதில் சேவலும் ஒன்று. கீழே கையெழுத்துப் போட்டேன். ஜெபம் பண்ணி முடித்தோம். ஜெபம் பண்ணியது நான்தான்.

அடுத்த ஞாயிறு, செருப்பு விடுகிற இடத்தில் அந்தப் பாட்டி என்னை நிறுத்தினார்கள். "சார், என் சேவல் எத்தனைக்குப் போச்சு?" ஏலம் நடக்கும்போது சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார்கள். "நல்ல விலைக்குப் போச்சும்மா" என்றேன். "எழுதியிருக்கீங்கல்ல?" என்றார்கள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, ஆசையாகக் கேட்டார்கள். தன் பேர் நோட்டில் இருக்குமே என்று. நான் தலையாட்டினேன்.

மறு வருஷமும் கொண்டுவந்தார்கள். இந்த முறை வெள்ளைச் சேவல். ராத்திரி அதே அறை, அதே மேசை, அதே பெரியவர், அதே முன்பணம். நான் நோட்டைத் திறந்து முதல் வரியில் அந்தம்மா பேரை எழுதி, 'சேவல் 1, ரூ. 215' என்று எழுதினேன். மற்ற எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதினேன். இடித்த தொகையை யார் கையில் இருக்கிறது என்று பேரோடு எழுதினேன். போன வருஷம் விட்டதை எல்லாம், அந்தச் சேவலையும் சேர்த்து எழுதி, பக்கத்தில் 'நான் விட்டது' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு ஜெபம் பண்ண யாரும் என்னைக் கேட்கவில்லை.

அடுத்து வந்த கமிட்டித் தேர்தலில் எனக்கு விழுந்தது பதினோரு ஓட்டு. எங்கள் வீட்டு ஓட்டு நாலையும் சேர்த்து.