குடலின் சாட்சிகள்

1932-ஆம் ஆண்டில் நியூயார்க் மருத்துவர் பரில் கிரோன் தம் சகாக்கள் இருவருடன் விவரித்து வெளியிட்ட குடல் அழற்சி நோய், வயிற்றைத் திறந்தோ, பிற்காலத்தில் குழாயை உட்செலுத்தியோ பார்த்தாலன்றி எளிதில் நிச்சயப்படாத பிடிவாத வியாதியாகவே வெகுகாலம் இருந்துவந்தது. மலத்தைப் பற்றிப் பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் அந்நோயை அறியும் குறி அங்கேதான் இருக்கிறது. குடற்சுவர் அழற்சியுற்றதும் அங்கே வந்து குவியும் வெள்ளணுக்கள் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை வெளியிட, அது மலத்தில் கலந்து, எளிதில் சிதையாமல் சில நாள் நிலைத்திருப்பதால், அதன் அளவைக் கொண்டே மருத்துவர்கள் நோயின் நிலையை அனுமானிக்கிறார்கள்.

வேறு காரணங்களாலும் அது உயரக்கூடும். ஆகவே அந்த ஒரு சாட்சி போதாது; வேறு சாட்சிகளையும் தேட வேண்டியிருக்கிறது. நோயாளிகளும் நோயற்றவர்களுமாக 132 பேரை ஓராண்டு தொடர்ந்து, அவர்களுடைய மலம், ரத்தம், குடல் திசு ஆகியவற்றிலிருந்து நுண்ணுயிர், மரபணு, ரசாயனம் முதலியவற்றை அளந்து, கணிப்பொறியின் துணையால் ஒப்பிட்டு, 2019-இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், நோய் உக்கிரமடையும் வேளையில், குடலைப் போஷிக்கும் பியூட்ரேட் என்ற அமிலமும், அதைத் தயாரிக்கும் பாக்டீரியாக்களும் குறைந்துபோவது தெரியவந்தது. என் அபிப்பிராயத்தில், இத்தகைய குறிகள் வைத்தியருக்குத் துணையே தவிர, அவருக்குப் பதில் அல்ல.

வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கோ, மலத்தில் ரத்தமோ கண்டால், கூச்சத்தை விட்டு வைத்தியரிடம் செல்லுங்கள்.