வாய் இல்லாத பயணிக்கும் கடலில் சட்டம் வேண்டும்

(தஞ்சாவூரில் நடந்த நமது விவசாய அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பகிருங்க.)



டெல்டாவில் மேடை போட்டால் காவிரியைப் பற்றித்தான் பேசுவோம். இன்னிக்கு நான் ஆட்டைப் பற்றிப் பேசுறேன்.

அறுவடை முடிஞ்ச வயலுக்கு ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆடு ஓட்டிக்கிட்டு வர்றாங்க. கிடை போடுறாங்க. நம்ம மண்ணுக்கு உரம், அவங்களுக்குக் கூலி. வெயில் ஏறினால் மர நிழலில் மடக்குவாங்க. குட்டி ஈன்ற ஆட்டை நடக்க விட்டு, குட்டியைத் தோளில் போட்டுக்கிட்டு நடப்பாங்க. ஆடு அவங்களுக்குச் சொத்து. ஆனா அது உசுரு என்பதை அவங்க மறந்ததே இல்லை.

அதே ஆட்டைக் கப்பலில் ஏற்றினால் என்ன ஆகும்?

அடுக்கடுக்கான தளங்களில் ஆயிரக்கணக்கில் அடைப்பாங்க. சாணமும் மூத்திரமும் சேர்ந்து அம்மோனியா கிளம்பும், கண் எரியும். வளைகுடாவில் ஆடி மாசத்துப் புழுக்கத்தில் ஆட்டால் உடம்புச் சூட்டைத் தணிக்க முடியாது. 2017-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வளைகுடா போன ‘அவாசி எக்ஸ்பிரஸ்’ கப்பலில் சுமார் 2,400 ஆடுகள் சூட்டிலேயே செத்தன. கப்பல் பணியாளர் ஒருவர் எடுத்த படம் அடுத்த வருஷம் வெளியே வந்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது.

2019-ல் ருமேனியாவில் ‘குயின் ஹிந்த்’ கவிழ்ந்தது. 14,000-க்கும் மேற்பட்ட ஆடுகளில் சில நூறுகூடத் தேறவில்லை. 2022-ல் சூடானின் சுவாகின் துறைமுகத்திலேயே ஒரு கப்பல் மூழ்கி 15,000-க்கும் மேற்பட்ட ஆடுகள் போயின. 2020-ல் மாடுகளோடு மூழ்கிய ‘கல்ஃப் லைவ்ஸ்டாக் 1’ கப்பலில் 43 மாலுமிகள்; இருவர்தான் பிழைத்தார்கள். நாகை, காரைக்கால் பிள்ளைகளும் கப்பல் வேலைக்குப் போறாங்க. இது மாலுமிக் குடும்பங்களின் பிரச்சினையும்கூட.

‘அது வெளிநாட்டுக் கதை’ன்னு யாராவது சொல்லலாம். இல்லீங்க. குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள துணா துறைமுகத்திலிருந்து ஆடுகள் வளைகுடாவுக்குக் கப்பலேறின. 2018 டிசம்பரில் மாநில அரசு தடுத்தது, விவகாரம் நீதிமன்றம் போனது. 2023 ஜூனில் ஒன்றிய அரசு கால்நடை இறக்குமதி ஏற்றுமதி வரைவு மசோதாவை வெளியிட்டது. கருத்துச் சொல்ல நமக்குக் கொடுத்த அவகாசம் சுமார் பத்தே நாள்! எதிர்ப்பு கிளம்பியதும் ஜூன் 20-ல் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்ற மசோதா வேறு பெயரில் திரும்பி வராதுன்னு யார் உத்தரவாதம் தருவது?

இருக்கிற சட்டம் போதாதா? மிருகவதைத் தடைச் சட்டம் வந்தது 1960-ல். அதற்கு வித்திட்டவர் நம்ம தமிழ்நாட்டின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் அவர். அந்தச் சட்டத்தில் முதல் தடவைக் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. இன்னிக்கும் அதேதான்! ரெண்டு டீ, ரெண்டு வடைக் காசு. 1978-ன் போக்குவரத்து விதிகளில் செம்மறி, வெள்ளாட்டுக்கான பகுதி ரயிலையும் சாலையையும்தான் பேசுகிறது. கடலில் அந்த ஆட்டுக்கு யார் காவல்?

ஒரு கேள்வி நியாயமானது. ‘ஏற்றுமதி இருந்தால் ஆட்டுக்கு விலை கிடைக்குமே, வளர்க்கிறவன் வயிற்றில் அடிக்கலாமா?’ அடிக்கக் கூடாது. நாம் கேட்பது, உசுரோடு அனுப்பாதே, இறைச்சியாக அனுப்பு என்பதுதான். வளைகுடாவுக்குக் குளிரூட்டிய இறைச்சி இந்தியாவிலிருந்து ஏற்கெனவே போகிறது. அறுப்பதும் பதப்படுத்துவதும் இங்கேயே நடந்தால் வேலையும் இங்கே, தோலும் இங்கே. உசுரோடு அனுப்பினால் எல்லாமே அந்தக் கரைக்கு. நியூசிலாந்து 2023-ல் கடல்வழி உயிர்க்கால்நடை ஏற்றுமதியையே நிறுத்தியது. ஆஸ்திரேலியா கடல்வழி செம்மறி ஏற்றுமதியை 2028 மே மாதத்தோடு முடிக்கச் சட்டமே போட்டிருக்கு. அதில், தொழிலை மாற்றிக்கொள்ளும் விவசாயிக்கு அரசு நிதியும் ஒதுக்கியிருக்கு. நமக்கும் அந்த வழி வேண்டும்.

நம் கோரிக்கைகள் நான்கு:

👉 அறுப்புக்காகக் கால்நடைகளை உயிரோடு கடல்வழி அனுப்புவதைச் சட்டம் போட்டு நிறுத்து!
👉 வேறு தேவைக்குக் கப்பலேறும் ஒவ்வொரு உயிருக்கும் இடம், காற்று, தண்ணீர், கப்பலிலேயே கால்நடை மருத்துவர் என விதி எழுது. இறந்த எண்ணிக்கையைப் பகிரங்கமாக வெளியிடு!
👉 1960-ன் அபராதத்தை உயர்த்து!
👉 மாவட்டந்தோறும் சுகாதாரமான நவீன அறுப்புக்கூடமும் குளிர்பதன வசதியும் கொடு. ஆடு வளர்ப்போருக்கு நேரடிக் கொள்முதல் விலை கொடு!

தோழர்களே, ஆடு மனு கொடுக்காது, மறியல் பண்ணாது, ஓட்டும் போடாது. அதனால்தான் அதற்காக நாம் பேச வேண்டியிருக்கு. அடுத்த முறை வரைவு மசோதா வந்தால் பத்து நாள் முடியும்வரை காத்திருக்காதீங்க. முதல் நாளே எழுதுங்க, ஊராட்சிதோறும் கிராம சபையில் தீர்மானம் போடுங்க.



#கால்நடைநலம் #டெல்டாவின்குரல்