கைமாறிய இசை

படங்கள் எட்டு, இசையமைத்தவரோ நால்வர். 2001 முதல் 2011 வரை வெளிவந்த ஹரி பொட்டர் படவரிசையையே குறிப்பிடுகிறேன்.

முதல் மூன்றுக்கும் இசை தந்தவர் ஜோன் வில்லியம்ஸ். ஆந்தையின் பெயரால் அவர் அமைத்த மெட்டினைச் செலெஸ்டா தொடங்கிவைக்கும். பியானோவை ஒத்த இக்கருவியில் சுத்தியல்கள் தந்திகளையன்று, உருக்குத் தகடுகளையே தட்டும், மணியோசை பிறக்கும்.

பின்வந்த பட்ரிக் டொய்ல், நிக்கலஸ் ஹூப்பர், அலெக்சாந்தர் டெஸ்ப்ளா மூவரும் அம்மெட்டைச் சிக்கனமாகவே கையாண்டனர். இதனைக் குறையென்பார் உளர். எனக்கு அஃது உடன்பாடன்று. கதையிலே மரணங்கள் மலிந்தபின் குழந்தைப் பருவத்து மெட்டு அடிக்கடி ஒலித்தல் பொருந்துமோ? நம் மலையகத்துத் தப்புக்கும் திருவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி உண்டன்றோ?

ஆயினும் இறுதிப் படத்தின் முடிவில், பத்தொன்பது ஆண்டுகள் கடந்த காட்சியிலே, வில்லியம்ஸ் முதற்படத்துக்கு அமைத்த விடைபெறும் இசையே மீண்டும் எழுகிறது.