ஆள் கிடைக்கவில்லையா, உருவாக்கவில்லையா?

கார் பட்டறை முதலாளிகள் பலரும் சொல்லும் குறை இதுதான்: "வேலை தெரிந்த ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை."

குறையில் உண்மை இருக்கிறது. 1985இல் முதல் புரோட்டோன் சாகா வந்தபோது, கார்புரேட்டரைக் கழற்றிச் சரிசெய்யத் தெரிந்தவர் நல்ல மெக்கானிக். இன்றோ ஸ்கேனர் காட்டும் குறியீட்டைப் படித்து, கோளாறு சென்சரிலா வயரிலா என்று கண்டறிய வேண்டும். அப்படித் தேறியவரைச் சிங்கப்பூர் டாலர் இழுத்துக்கொள்கிறது.

ஆனால், பட்டறைக்கு வரும் இளைஞனின் நிலை என்ன? பல இடங்களில் ஆண்டுகள் கழிந்தும் எண்ணெய் மாற்றுவதும் தரை கூட்டுவதும்தான் வேலை. சம்பளமும் 2025இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சத் தொகையான 1,700 வெள்ளியைத் தாண்டுவதில்லை. அவன் உணவு விநியோக வேலைக்குப் போனால் சோம்பேறி என்று சொல்லலாமா?

2005இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறையில், பயிற்சியின் பெரும்பகுதி வேலையிடத்திலேயே நடக்கிறது. தேர்ச்சி பெற்றால் மலேசியத் திறன் சான்றிதழ் உண்டு. முதலாளிகள் இதை விசாரித்துப் பாருங்கள். சான்றிதழ் பெற்றவனுக்குச் சம்பளத்தையும் உயர்த்துங்கள்.

பெற்றோர்களே, படிப்பு ஏறாதவனுக்குத்தான் கைத்தொழில் என்று சொல்வதை நிறுத்துங்கள். இன்றைய காரைப் பழுதுபார்க்கவும் படிப்பு வேண்டும்.