முள் சொல்வது எவ்வளவு?

சங்கரன்கோவிலில் வண்டியில் பெட்ரோல் தீர்ந்தால் பங்க் வரை தள்ளிக்கொண்டு போகலாம். தூத்துக்குடிக் கடலுக்குள் போன படகுக்கு அந்த வழி இல்லை. அங்கே மீட்டர் முள்ளை நம்பித்தான் திரும்ப வேண்டும்.

டேங்குக்குள் ஒரு மிதவை டீசலோடு ஏறி இறங்கும். அதற்கேற்ப மின்தடை மாறும், முள் நகரும். அமெரிக்க முறையில் டேங்க் காலி என்றால் 240 ஓம், நிறைந்தால் 33. ஐரோப்பிய முறையில் காலிக்கு 10, நிறைவுக்கு 180. மிதவை ஒரு முறை, மீட்டர் வேறு முறை என்று மாற்றிப் பொருத்திவிட்டால், காலி டேங்கை நிறைந்ததாகக் காட்டும். உயிருக்கே ஆபத்து அது. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பல படகுகளில் டேங்கின் அடி குறுகலாக இருக்கும். அதனால் முள் பாதியில் நின்றால் டீசல் பாதிக்கும் குறைவு. வேகமெடுக்கையில் அணியம் தூக்கும், டீசல் பின்னால் சாயும், முள்ளும் மாறும். ஆகவே படகு சமமாக நிற்கும்போது பத்துப் பத்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இருக்கும் டீசலில் போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு. மீதி ஒரு பங்கு, காற்று எதிர்த்தால்.